நகத்தளவு கிடங்கு

வடசென்னையில், திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் ஓடும் ஷேர் ஆட்டோக்களில் ஓட்டுநரின் முழங்காலுக்கு நேரே ஒரு பாட்டு செட் இருக்கும். அதன் முகத்தில் பென் டிரைவுக்கான வாய். சில வருஷங்களுக்கு முன்புவரை அந்த வாயிலிருந்து விரல் நீளத்துக்கு ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். பக்கத்தில் ஒண்டி உட்கார்ந்தவரின் முழங்கால் படும், மீன் கூடை இடிக்கும், பள்ளிக்கூடப் பையின் வார் மாட்டி இழுக்கும். ஒருநாள் கழுத்தோடு முறிந்துபோகும். பென் டிரைவ் மட்டும் போனால் பரவாயில்லை. செட்டின் வாய்க்குள் இருக்கும் தகடும் ஈயப்பற்று விட்டுக் கிளம்பிவிட்டால் செட்டையே மாற்ற வேண்டிவரும். இப்போது அங்கே எதுவும் நீட்டிக்கொண்டிருப்பதில்லை. உற்றுப் பார்த்தால் நகத்தளவு பென் டிரைவ் ஒன்றின் கறுப்பு விளிம்பு தெரிகிறது, அவ்வளவுதான். தேரடியில் ஏறிய ஒருநாள் அதைக் காட்டிக் கேட்டேன். “அது அங்கியே கெடக்கும்ணா. போட்டதுலேந்து எடுத்ததே இல்ல” என்றார் ஓட்டுநர்.

பாட்டு ஏற்றித் தருவது இந்தப் பக்கத்தில் இன்னும் நடக்கிற தொழில். தண்டையார்பேட்டையிலும் காசிமேட்டிலும் மொபைல் கடைக்காரரிடம் கேட்டால் கானா, இளையராஜா, வடிவுடையம்மன் பாட்டு, மாதா பாட்டு என்று தனித்தனி ஃபோல்டராகப் போட்டுத் தருவார். ஒரு பாட்டு 4 எம்பி என்று வைத்துக்கொண்டால் 64 ஜிபியில் 16,000 பாட்டு. தினம் 12 மணி நேரம் ஓடவிட்டாலும் முதல் பாட்டு திரும்பி வர ஏறக்குறைய மூன்று மாதம் ஆகும். 64 ஜிபி டிரைவுகள் பெரும்பாலும் எக்ஸ்ஃபேட் என்ற அமைப்பில் கடைக்கு வருகின்றன. பழைய செட்டுகளுக்கு எஃப்ஏடி32 மட்டும்தான் படிக்கத் தெரியும். விண்டோஸின் வழக்கமான ஃபார்மட் பெட்டியோ நெடுங்காலமாக 32 ஜிபிக்கு மேல் எஃப்ஏடி32 போட்டுத் தராது. அதற்கென்று ஒரு தனி மென்பொருளைக் கடைக்காரர் வைத்திருப்பார். அவர் வாங்கும் கூலி பாட்டுக்கானதைவிட இந்தக் கைப்பக்குவத்துக்கானது என்றே நினைக்கிறேன்.

இந்தக் குட்டி டிரைவுக்கு ஆட்டோவைவிடப் பொருத்தமான இடம் கிடையாது. ஒருமுறை எழுதுகிறோம், ஆயிரம் முறை படிக்கிறோம். எடுப்பதில்லை, கழற்றுவதில்லை, கையில் கொண்டுபோவதில்லை. தொலைந்தாலும் அதே கடையில் அதே பாட்டுகள் மறுபடி கிடைக்கும். துறைமுகப் பக்கத்துச் சின்னச் சரக்கு ஆபீஸ்களில் பழைய மடிக்கணினிக்குக் கூடுதல் இடமாக இதைச் செருகி வைத்திருக்கிறார்கள். அங்கேயும் நன்றாகத்தான் இருக்கிறது, அசலின் பிரதி வேறெங்காவது இருக்கும்வரை. ஓரிடத்தில் செருகிக் கிடக்கிற வரைக்கும் சிறிய உருவம் முழு லாபம். அதைப் பிடுங்கிக்கொண்டு தெருவில் இறங்கும்போதுதான் கணக்கு மாறுகிறது.

எவ்வளவு சிறிது என்பதைச் சொல்லிவிடுகிறேன். நாம் பழகிய யூஎஸ்பி முனையின் அகலம் 12 மில்லிமீட்டர், தடிமன் 4.5 மில்லிமீட்டர். 1996 ஜனவரியில் யூஎஸ்பியின் முதல் விதிமுறை வெளியானது. இன்டெல்லில் அந்த வேலையை முன்னின்று செய்தவர்களில் ஒருவர் வடோதராவில் படித்த அஜய் பட். அன்று வகுத்த வாயின் அளவு இன்றும் அதேதான். வாய் குறுகாதவரை அதில் நுழைவதும் குறுக முடியாது. நகத்தளவு டிரைவ் அந்த எல்லையைத் தொட்டு நிற்கிறது. உள்ளே நுழைகிற பகுதிதான் முழுப் பொருளும், வெளியே தெரிவது நகம் கொடுத்து இழுக்க ஒரு விளிம்பு. 2000ஆம் ஆண்டு சிங்கப்பூரின் டிரெக் நிறுவனமும் இஸ்ரேலின் எம்-சிஸ்டம்ஸும் விற்பனைக்குக் கொண்டுவந்த முதல் பென் டிரைவுகளின் காலத்தில் 8 எம்பி என்பதே பெரிய அளவு. நம் ஆட்டோ கணக்கில் இரண்டு பாட்டு.

உள்ளே நடப்பதும் அதிசயம்தான். தோஷிபாவில் வேலை பார்த்த ஃபுஜியோ மசுவோகா 1984இல் ஃபிளாஷ் நினைவகத்தை உலகுக்குக் காட்டினார். இன்று பென் டிரைவில் இருக்கும் நேண்ட் வகையை அவரும் அவர் சகாக்களும் 1987இல் அறிவித்தார்கள். மின்காப்புச் சுவர்களுக்கு நடுவே கொஞ்சம் எலக்ட்ரான்களை அடைத்து வைப்பதுதான் அதன் சூட்சுமம். மின்சாரத்தை நிறுத்தினாலும் அவை அங்கேயே இருக்கும். ஆனால் மண்பானைத் தண்ணீர்போல, மிக மெதுவாகக் கசியவும் செய்யும். மலிவான டிரைவுகளில் ஓர் அறைக்குள் மூன்று பிட்டுகளை வைக்க எட்டு வெவ்வேறு அளவுகளில் மின்னூட்டத்தை நிறுத்தியிருக்கிறார்கள். கொஞ்சம் கசிந்தாலே ஒன்று இன்னொன்றாகப் படிக்கப்படும். எழுதி எழுதி அழித்தால் சுவர் தேயும். சூடு பட்டால் கசிவு வேகமெடுக்கும். பெரிய டிரைவுக்கும் இதே விதிதான். ஆனால் சூட்டை வாங்கி வெளியே விட அதற்கு உடம்பு இருக்கிறது. நகத்தளவு டிரைவில் பெரிய ஃபைல் ஒன்றைத் தொடர்ந்து எழுதிவிட்டு உடனே இழுத்தால் விரல் சுடுகிறது. மே மாத மதியத்தில் ஆட்டோ நிறுத்தத்தில் கிடக்கும் செட்டுக்குள் அது தகிக்கிறது. பாட்டு போனால் போகட்டும். அதே டிரைவில் கல்யாண வீடியோவைப் போட்டு பீரோவில் வைத்துவிட்டுப் பத்து வருஷம் கழித்து எடுக்கலாம் என்று யாராவது நினைத்தால், தயவுசெய்து வேண்டாம்.

திறக்க முடியாமை என்ற குணத்தைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். பழைய பென் டிரைவின் ஓட்டைப் பிளந்தால் ஒரு சின்னப் பலகை இருக்கும். அதில் நினைவகச் சில்லு ஒன்று, அதை ஆட்டுவிக்கும் கன்ட்ரோலர் ஒன்று, ஒரு கிரிஸ்டல், ஒரு சின்ன விளக்கு. முனை உடைந்தால் மறுபடி ஈயம் வைத்து ஒட்டலாம். கன்ட்ரோலர் செத்தாலும் நினைவகச் சில்லை மட்டும் சூடாக்கிப் பெயர்த்து, வேறு கருவியில் வைத்துப் படிக்கலாம். மின்னணுச் சந்தையான ரிச்சி தெருவில் இதைச் செய்யும் கைகள் உண்டு. நகத்தளவு டிரைவில் சில்லும் கன்ட்ரோலரும் ஒரே பிசின் வார்ப்புக்குள் புதைந்திருக்கின்றன. பிளப்பதற்கு ஓடு கிடையாது. வார்ப்பின் மேல்பூச்சைச் சுரண்டி, அடியில் மறைந்திருக்கும் மிகச் சின்னப் புள்ளிகளைக் கண்டுபிடித்து, உருப்பெருக்கியின் கீழ் தலைமுடி போன்ற கம்பிகளைப் பற்றவைத்தால்தான் உள்ளே இருப்பதைப் படிக்க முடியும். டிரைவின் விலையைப்போல் பல மடங்கு செலவாகும், அதுவும் கிடைக்கும் என்ற உறுதி இல்லாமல். லேத்துப் பட்டறைகளும் லாரி பட்டறைகளும் விசைப்படகு எஞ்சினைப் பிரித்துப் போடும் மெக்கானிக்குகளும் நிறைந்த ஊர் இது. எண்ணூரில் லேலண்ட் லாரிகளும் திருவொற்றியூரில் என்ஃபீல்டு வண்டிகளும் தயாரான காலம்தொட்டு, கழற்றிப் பார்த்துச் சரிசெய்வது என்பது இங்கே பள்ளிக்கூடம் சொல்லித்தராத ஒரு படிப்பு. அந்தப் படிப்புக்கு இந்தப் பொருளில் இடமே இல்லை என்பது என்னை உறுத்துகிறது.

ஆனால் அதே வார்ப்பு வேறொரு நாளில் காப்பாற்றவும் செய்கிறது. ஓட்டுக்குள் இடைவெளி உள்ள டிரைவில் தண்ணீர் புகுந்து தங்கும், பலகை களிம்பேறும். ஒரே வார்ப்பான குட்டி டிரைவில் தண்ணீர் புக வழி இல்லை. சட்டைப்பையோடு துவைத்தாலும், நல்ல தண்ணீரில் அலசி முழுக்க உலர்த்திய பிறகு செருகினால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். உப்புத் தண்ணீரில் ஊறவிட்டால் மட்டும் முனைத் தகடுகள் அரித்துப்போகும். 2023 டிசம்பரை நினைத்தால் இந்தக் குணத்தை இலேசாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. மிக்ஜாம் புயல் மழையில், மணலிப் பக்கமிருந்து எண்ணெய் கலந்து வந்த வெள்ளம் எண்ணூர்ப் பக்கத்து வீடுகளுக்குள் புகுந்தது. கழிமுகத்தில் படகுகளும் வலைகளும் கறுத்தன. அந்த மாதம் முடிவதற்குள், 26ஆம் தேதி நள்ளிரவில், பெரியகுப்பம் கடலடியில் உர ஆலைக்குப் போகும் அம்மோனியாக் குழாய் கசிந்தது. மூச்சு முட்டி எழுந்தவர்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடினார்கள். அப்படி ஓடுகிறவர்களுக்குப் பத்திரப் பெட்டியைத் தேட நேரம் ஏது? ரேஷன் கார்டு, பட்டா, பிள்ளைகளின் மதிப்பெண் சான்றிதழ் எல்லாவற்றின் ஸ்கேனும் அடங்கிய ஒரு குட்டி டிரைவ் வீட்டுச் சாவியோடு கோத்திருந்தால், கதவைப் பூட்டி ஓடும் கையோடு அதுவும் வந்துவிடும். சில கிராம் எடைதான், ஒரு வீட்டின் காகிதம் முழுக்கத் தாங்கும். சாவி வளையம் கோக்கத் துளை இருக்க வேண்டும் என்பது ஒன்றுதான் நிபந்தனை. மிகச் சிறியவற்றில் பலவற்றில் அந்தத் துளைகூட இல்லை, அல்லது நூல் மட்டுமே நுழைகிற அளவுக்கு இருக்கிறது.

அந்த டிசம்பரில் பலரும் கைபேசியில் படம் எடுத்தார்கள். எண்ணெய்ப் படலம் எந்தப் பக்கத்திலிருந்து வந்தது, எத்தனை மணிக்கு வாடை வந்தது, எந்த வீட்டுச் சுவரில் எந்த உயரம்வரை கறை. தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு எண்ணெய்க் கசிவைத் தானாகவே விசாரணைக்கு எடுத்துக்கொண்டது. அந்தப் படங்களை வாட்ஸாப்பில் வழக்கம்போல் படமாக அனுப்பினால் சுருங்கிவிடும், எடுத்த நேரம் முதலான உள்விவரங்கள் கழன்றுவிடும். அசல் ஃபைலை அப்படியே கொடுக்க ஏழையின் கையில் இருக்கும் எளிய வழி பென் டிரைவ்தான். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 63ஆம் பிரிவு, மின்பதிவைச் சாட்சியாகக் கொடுக்கும்போது சான்றிதழோடு ஹாஷ் எண்ணையும் கேட்கிறது. ஃபைலின் ஒவ்வொரு பிட்டையும் கணக்கில் எடுத்து வரும் எண் அது. ஷா-256 முறையில் 64 எழுத்து. ஒரு பிட் மாறினாலும் எண் முழுக்க மாறிவிடும். நல்ல ஏற்பாடு. ஆனால் அந்த எண்ணோடு சேர்ந்து போக வேண்டிய பொருளின்மேல் ஒரு எழுத்து எழுத இடமில்லை என்பதைக் கவனியுங்கள். சிடிக்கு ஒரு முகம் இருந்தது. மார்க்கர் பேனாவால் பெயர், தேதி, கையெழுத்து போடலாம். நகத்தளவு டிரைவைக் காகித உறைக்குள் போட்டு உறையின்மேல்தான் எழுத வேண்டும். உறையும் டிரைவும் பிரிந்த நிமிஷத்திலிருந்து அது யாருடையதும் இல்லை.

யாருடையதும் இல்லாத டிரைவுகளைப் பார்க்க விரும்பினால் காலடிப்பேட்டைப் பக்கம் எனக்குத் தெரிந்த ஒரு ஜெராக்ஸ் கடைக்கு வரலாம். கணினிக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் மூடி இருக்கிறது. பெரிய ஊறுகாய் டப்பாவினுடையது. அதற்குள் வாடிக்கையாளர்கள் மறந்துவிட்டுப்போன பென் டிரைவுகள். முன்பெல்லாம் நீளமானவையும் இருந்தன. இப்போது அநேகமாக எல்லாமே குட்டிகள். நீட்டிக்கொண்டிருக்கும் டிரைவை எழுந்திருக்கும்போது கண் பார்த்துவிடும். சிபியுவின் முகத்தோடு முகமாக ஒட்டிக் கிடப்பதை யார் பார்ப்பது? அதில் பெரும்பாலும் விளக்கும் கிடையாது. மின்னினாலாவது ஞாபகம் வரும். ஆதார் பிரதி எடுக்க வந்தவர்கள், பிஎஃப் படிவத்துக்கு வந்தவர்கள், ராத்திரியில் கண்ணீர் அஞ்சலி போஸ்டருக்கு அப்பாவின் படத்தோடு ஓடிவந்த பிள்ளைகள். விடிவதற்குள் போஸ்டர் ஒட்டியாக வேண்டும், அழுதுகொண்டே வருகிறவனுக்கு டிரைவைப் பிடுங்கிக்கொண்டு போகத் தோன்றுமா?

“தொறந்து பாத்தா யாருதுன்னு தெரிஞ்சிடும் சார். தொறக்கத்தான் மனசு வரல” என்றார் கடைக்கார அக்கா. ஒருமுறை ஒன்றைத் திறந்திருக்கிறார். உள்ளே ஒரு பெண்ணின் பிரசவ வார்டு படங்கள். உடனே மூடிவிட்டார். அன்றிலிருந்து எதையும் திறப்பதில்லை. இன்னொரு காரணமும் இருக்கிறது. ஒரு டிரைவில் வந்த வைரஸ் கடைக் கணினிக்குத் தொற்றி, அடுத்து வந்த எல்லாருடைய டிரைவிலும் ஃபோல்டர்களை மறைத்து ஷார்ட்கட்டுகளாக மாற்றிவிட்டிருக்கிறது. டிரைவைச் செருகியதும் தானே ஓடும் வசதியைப் பழைய விண்டோஸ்களிலும் மைக்ரோசாஃப்ட் 2011 பிப்ரவரியில் நிறுத்தியது. ஆனாலும் ஃபோல்டர் என்று நினைத்து நாமே ஷார்ட்கட்டைத் தட்டினால் என்ன செய்வது? எழுத விடாமல் பூட்டும் சின்ன விசை ஒன்று அந்தக்காலப் பென் டிரைவுகள் சிலவற்றின் பக்கவாட்டில் இருக்கும். பூட்டிவிட்டுக் கொடுத்தால் கடைக் கணினியின் வைரஸ் நம் டிரைவில் ஏறாது. அந்த விசைக்கும் இந்த உடம்பில் இடமில்லை.

கடைக்காரர் கண்ணியமானவர், மூடியில் போட்டு வைத்திருக்கிறார். தெருவில் விழுந்ததை எடுப்பவர் யார், எப்படிப்பட்டவர் என்று யாருக்குத் தெரியும்? ஆகவே கையில் கொண்டுபோகும் டிரைவுக்குக் கடவுச்சொல் போட்டு உள்ளடக்கத்தை மறைகுறியாக்க வேண்டும் என்று சொல்வார்கள். சரிதான். ஆனால் ஆட்டோ செட்டில் பூட்டிய டிரைவ் திறக்காது, ஜெராக்ஸ் கடைக் கணினியிலும் எல்லாப் பூட்டும் திறக்காது. ஆகவே யாரும் போடுவதில்லை.

எண்ணூர் விரைவுச் சாலையில் வரிசைகட்டி நிற்கும் கன்டெய்னர் லாரிகளைப் பார்க்கும்போதெல்லாம் இந்தக் கவலை வேறு உருவம் எடுக்கிறது. அந்தப் பெட்டி ஒவ்வொன்றுக்கும் எண் இருக்கிறது, சீல் இருக்கிறது. 2016 ஜூலை 1 முதல், ஏற்றுமதிப் பெட்டியின் மொத்த எடையைச் சரிபார்த்துச் சொல்லாமல் உலகில் எந்தக் கப்பலிலும் ஏற்றக் கூடாது என்பது விதி. அந்தக் கப்பலுக்குள்ளேயே, மேல்தளத்து மின் வரைபடக் கருவிக்கு வாரந்தோறும் வரும் திருத்தங்களைப் பல கப்பல்களில் பென் டிரைவில்தான் கொண்டுபோய்ச் செருகுகிறார்கள். கப்பல் உரிமையாளர்களின் சர்வதேச அமைப்பான பிம்கோவும் பிறரும் சேர்ந்து வெளியிட்ட இணையப் பாதுகாப்பு வழிகாட்டியில் ஒரு சம்பவம் வருகிறது. துறைமுகத்தில் நின்ற ஒரு சரக்குக் கப்பலில் எரிபொருள் நிரப்பி முடிந்ததும், அளவு பார்க்க வந்த சர்வேயர், கையெழுத்துக்கான காகிதத்தை அச்செடுக்க என்று எஞ்சின் கட்டுப்பாட்டு அறைக் கணினியில் தன் டிரைவைச் செருகினார். அதில் வைரஸ் இருந்தது அவருக்கே தெரியாது. கப்பல்காரர்களும் பிறகு நடந்த ஒரு சோதனையில்தான் கண்டுபிடித்தார்கள். கெட்ட எண்ணம் எதுவும் இல்லாமல், ஒரு பக்கம் அச்செடுக்கும் அவசரத்தில் நடந்தது அது. நம் ஜெராக்ஸ் கடையில் நடப்பதும் அதுவே. சர்வதேசக் கடல்சார் அமைப்பு 2017இல் நிறைவேற்றிய தீர்மானப்படி, 2021 முதல் கப்பல் நிர்வாகங்கள் இத்தகைய ஆபத்தையும் தங்கள் பாதுகாப்பு முறைமையில் சேர்த்தாக வேண்டும். இணையத்தோடு தொடர்பே இல்லாத ஈரானின் நதான்ஸ் அணு நிலையத்துக்குள் போன ஸ்டக்ஸ்நெட் என்ற கெடுநிரலும் பென் டிரைவ் வழியே பரவக்கூடியதாக எழுதப்பட்டதுதான். அது வெளிச்சத்துக்கு வந்தது 2010இல்.

இங்கே குட்டி டிரைவின் ஆபத்து பெரியதைவிட ஒரு படி கூடுதல். வயர்லெஸ் மௌஸுக்கு ஒரு ரிசீவர் வருமே, அதுவும் இதுவும் கண்ணுக்கு ஒன்றுதான். ஒரு ஆலையின் கட்டுப்பாட்டு அறையில் கணினிக்குப் பின்னால் அது மாதக்கணக்கில் செருகிக் கிடந்தாலும், மௌஸுடையது என்று நினைத்துத் துடைப்பவரும் விட்டுவிடுவார், மேற்பார்வையாளரும் விட்டுவிடுவார். ஆட்டோவில் நாம் கொண்டாடிய குணம் இங்கே வேலை செய்யும் விதம் இது.

ஆலை என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. எண்ணூர், மணலிப் பட்டையில் உள்ள ஆலைகளிலும் சரக்கு முனையங்களிலும் வேலை செய்கிறவர்களில் ஒப்பந்தத் தொழிலாளிகள் ஏராளம். ஆலை வாசல் அதேதான், ஒப்பந்தக்காரர் மட்டும் மாறிக்கொண்டிருப்பார். பிஎஃபுக்கு 2014இல் யூஏஎன் என்ற ஒரே எண் வந்த பிறகும், ஒப்பந்தம் மாறும்போது புது எண் போட்டு ஒரே ஆளுக்கு இரண்டு மூன்று எண்கள் ஆகிவிடுவது நடக்கிறது. நான் இத்தனை வருஷம் இதே இடத்தில் உழைத்தேன் என்று நிரூபிக்கக் காலாவதியான கேட் பாஸும் சம்பளச் சீட்டும்தான் துணை. எனக்குப் பழக்கமான சங்கத்துத் தோழர் ஒருவர் அவற்றையெல்லாம் கைபேசியில் படமெடுத்துச் சேர்க்கிறார். பல பேருடைய பல வருஷ உழைப்பின் அத்தாட்சி. அது எங்கே இருக்கிறது என்று கேட்டபோது பர்ஸைத் திறந்து, சில்லறை போடும் அறையிலிருந்து ஒரு குட்டி டிரைவை எடுத்துக் காட்டினார். ஒரே பிரதி. இரண்டாவது டிரைவ் வாங்கலாமே என்றேன். “நாலஞ்சு நூறு ஆவும் தோழர். சந்தா வர்றதே அவ்ளோதான்” என்றார். விலை குறைவாகச் சொல்லி நூறு ஜிபி, ஆயிரம் ஜிபி என்று விற்பவற்றைப் பற்றியும் கேட்டார். அவற்றில் பல போலி. கன்ட்ரோலரிடம் பொய்க் கொள்ளளவைச் சொல்லி வைத்திருப்பார்கள். உண்மையான இடம் நிரம்பிய பிறகும் ஃபைலின் பெயர் மட்டும் ஏறிக்கொண்டே இருக்கும், உள்ளே சரக்கு இருக்காது. முழுக்க எழுதி, முழுக்கத் திரும்பப் படித்துச் சரிபார்க்கும் இலவச மென்பொருளால்தான் இதைக் கண்டுபிடிக்க முடியும். அதை அவருடைய கைபேசிக்கு அனுப்பி வைத்தேன், ஓட்டிப் பார்க்கத்தான் கணினி வேண்டும்.

பிரதி எடுத்து வைக்காததை அறியாமை என்று சொல்வது அநியாயம். இடமும் கருவியும் நம்பிக்கையான ஆளும் இல்லாததுதான் காரணம். வடசென்னை வளர்ச்சித் திட்டம் 2024 மார்ச்சில் தொடங்கப்பட்டது. அதே ஆண்டு நவம்பரில் கொளத்தூரில் முதல்வர் படைப்பகம் திறக்கப்பட்டது, படிக்கவும் வேலை பார்க்கவும் மேசைகளோடு. அவ்வளவு பெரிதாகக்கூட வேண்டாம். தண்டையார்பேட்டையிலும் எர்ணாவூரிலும் கத்திவாக்கத்திலும் உள்ளவர்கள் நடந்துபோகிற தூரத்தில், ஒரு கிளை நூலகத்தின் மூலையில், ஒரு ஸ்கேனரும் வைரஸ் சோதிக்கும் கணினியும் இருந்தால் போதும். வருகிறவரின் காகிதங்களுக்கு இரண்டு பிரதி, ஒன்று நூலகத்தின் பெரிய வட்டில் அவர் பெயரில் பூட்டி, மற்றது அவர் கையில். கூடவே ஹாஷ் எண்களை அச்சடித்த ஒரு தாள். இதை மாநகராட்சிக்கு மனுவாக எழுதிக் கொடுக்கலாம் என்று தோழரிடம் சொன்னேன். ஸ்கேனர் என்ன விலை, ஆளுக்குச் சம்பளம் யார் கொடுப்பது, பூட்டின் சாவி யாரிடம் இருக்கும் என்று மூன்று கேள்வி கேட்டிருக்கிறார். மூன்றாவதற்குப் பதில் எழுதிக்கொண்டிருக்கிறேன்.